அகத்தியமலை ஏறும் வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், திருநெல்வேலிச் சீமைக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்திற்கும் நடுவே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியமலை, பொதிகை என்ற பெயரால் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாகப் போற்றிவரும் மலையே ஆயினும், அதன் உச்சிவரை நடந்து சென்றவர்கள் சிலரே. கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி நெல்லை வயல்களை நனைத்து மன்னார் வளைகுடாவில் கலக்க, மேற்குச் சரிவின் நீரை நெய்யாறும் கரமனையாறும் அரபிக்கடலுக்குக் கொண்டுசெல்கின்றன.

நடைவழி கேரளப் பக்கத்தில், போனக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது. மழை ஓய்ந்தபின், ஜனவரி தொடங்கிச் சில வாரங்கள் மட்டுமே, முன்பதிவு செய்தவர்களைக் கேரள வனத்துறை வழிகாட்டிகளுடன் அனுப்புகிறது. பெண்களுக்கு இருந்த தடை 2018ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கி, 2019 முதல் அவர்களும் ஏறுகின்றனர். முதல் நாள் நடை, ஓடைகள் குறுக்கிடும் பசுமைமாறாக் காட்டிலும் பின்னர் வெயில் சுடும் புல்வெளியிலுமாகச் சென்று அதிருமலை முகாமில் முடிய, மறுநாள் காலை உச்சிப் பயணம் தொடங்குகிறது. இடையே, ஈத்தை எனப்படும் மெல்லிய மூங்கில் இருபுறமும் ஆளுயரத்திற்கு மேல் அடர்ந்து, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி மறைக்கும் பகுதி உண்டு. ஈத்தை யானைக்கு மிக விருப்பமான தீனி என்பதால், புதிதாக முறிந்த தண்டையும் ஈரம் உலராத சாணத்தையும் கண்டால் நின்று செவிகொடுத்த பின்னரே நடையைத் தொடர வேண்டும்.

இம்மலையின் பழங்குடிகளான காணிகளின் காட்டறிவுக்குச் சிறந்த சான்று ஆரோக்கியப்பச்சை. மரநிழலில், ஓடையோரத்தில், இதய வடிவ இலையோடு ஒரு சாண் அளவே வளரும் இச்செடியைத் தெரியாதவர் மிதித்துக் கடந்துவிடுவர். 1987இல் இக்காட்டிற்கு வந்த தாவரவியலாளர்கள், தாங்கள் களைத்துத் தளர்ந்த வேளையிலும் உடன்வந்த காணிகள் இதன் சிறு காய்களை மென்றபடி சோர்வின்றி நடந்ததைக் கண்டனர். அதிலிருந்து தொடங்கிய ஆய்வின் பயனாக 'ஜீவனி' என்னும் மருந்து உருவாகி, அதன் வருவாயில் ஒரு பங்கு காணிகளின் அறக்கட்டளைக்கு உரியதாயிற்று. காட்டறிவை விலையின்றி எடுத்துக்கொள்வதே உலக வழக்கமாக இருந்த காலத்தில் அந்த ஏற்பாடு மிகவும் போற்றத்தக்கது.

இறுதி ஏற்றம் வெறும் பாறை. செங்குத்தான இடங்களில் கயிற்றைப் பற்றியே ஏற வேண்டியிருக்க, காற்றும் மேகமும் நொடியில் வழியை மறைத்துவிடுகின்றன. அகத்தியர் சிலை அமைந்த இம்மலையுச்சியில்தான், திருவிதாங்கூர் அரசின் வானியலாளராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், புவியின் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளப்பதற்காக 1855இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். சாலை ஏதுமில்லாத அக்காலத்தில் அந்த நுண்கருவிகளை இதே ஈத்தைக் காட்டையும் பாறையையும் கடந்து தோளில் சுமந்து ஏற்றிய மனிதர்களின் உழைப்பும் அந்த அளவீடுகளில் அடங்கியிருக்கிறது.