கூட்டம் வந்தால் ஏன் தடுமாறுகிறது?



சாப்பாடு தயார் என்று வாசனையே சொல்கிறது. சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் பலருக்குச் சொந்த ஊர் தெற்கே. பொங்கலுக்கு நெல்லையிலோ முத்துநகரிலோ தாம்பரத்தில் ஏற வேண்டுமென்றால், 60 நாள் முன்னால் காலை 8 மணிக்கே ஐ.ஆர்.சி.டி.சி. முன்னால் உட்கார வேண்டும். மத்தியானம் சமர்த்தாக வேலை செய்யும் அதே சாஃப்ட்வேர், கூட்ட நேரத்தில் திணறும். சிலருக்கு வங்கியில் பணம் போயிருக்கும், டிக்கெட் வந்திருக்காது. புரோகிராமில் ஒரு வரிகூட மாறவில்லை. அப்புறம் என்ன ஆச்சு?

"மெஷின் பத்தவில்லை சார்" என்பார்கள். அது பாதி உண்மைதான். ஒரே பெர்த்தை ஒரே நொடியில் இருவர் கேட்டால் யாருக்கு? வங்கியின் பதில் தாமதமானால் பெர்த்தைப் பிடித்து வைப்பதா, விட்டுவிடுவதா? இதற்கென எழுதிய வரிகள் சாதாரண நாளில் எப்போதாவதுதான் ஓடும். அங்கே ஒளிந்திருக்கும் பிழை கூட்டத்தில்தான் தலைகாட்டும். போதாக்குறைக்கு, பதில் வரவில்லையே என்று நாமும் மறுபடி மறுபடி தட்டுகிறோம். சுமை இன்னும் ஏறும்.

இது என் ஊகமில்லை. ஸ்டான்ஃபோர்டு துகள்முடுக்கி மையத்தில் ஓடிய ஐ.பி.எம். 3081 கணினியின் பதிவுகளை அலசி, ரவிசங்கர் ஐயரும் ரொசெட்டியும் 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சி.பி.யு. எவ்வளவு மும்முரமாக இருந்தது என்பதற்கும் கோளாறுக்கும் பெரிய சம்பந்தமில்லையாம்! டெர்மினலில் உட்கார்ந்து தட்டுகிறவர்களின் வேலை ஏற ஏறத்தான் ஆபத்து ஏறியது, அதுவும் நேர்கோட்டில் அல்ல.

ரயில்வே இரண்டு வழியில் போனது. 2014-இல் வந்த புது அமைப்பில், நிமிடத்துக்கு 2000 டிக்கெட் என்ற திறன் 7200 ஆனது. 2015 ஜூனில் தட்கலைப் பிரித்து, ஏ.சி.க்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கூட்டத்தையே இரண்டாக வெட்டிவிட்டார்கள் பாருங்கள்!

தம்பி தங்கைகளே, புராஜெக்டை லேபில் ஒருவர் ஓட்டிக் காட்டுவதோடு விடாதீர்கள். வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் தட்டச் சொல்லுங்கள். நடுவில் பத்துப் பேரின் இணைப்பைப் பிடுங்குங்கள். அதன் பிறகு எந்த சீட் யார் பெயரில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.