எல்லைக்கோட்டின் அருகே ஓர் ஊர்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரைபடப் பயிற்சியில் நம் மாணவர்கள் எல்லைக்கோட்டைப் பிசகாமல் வரைந்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டின் அருகே யார் இருப்பார்கள் என்று கேட்டால், "ராணுவம்" என்பதே பெரும்பாலும் பதில். அங்கே குடும்பங்களும் வாழ்கின்றன என்பதைப் புரியவைக்க, லடாக்கிலுள்ள துர்துக் என்ற சிற்றூரை நான் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.

காரகோரம் மலைகளுக்கு நடுவே, ஷியோக் ஆற்றங்கரையில் உள்ளது அவ்வூர். மக்கள் பேசுவது பால்டி மொழி. அது திபெத்திய மொழிகளோடு உறவுடையது. பெரும்பாலோர் இஸ்லாமியர். ஆப்ரிகாட் மரங்கள் அவ்வூரின் செல்வம்.

1947 வரை துர்துக் ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தில் இருந்தது. 1947-48 போருக்குப் பின் பாகிஸ்தான் கட்டுப்பாட்டுக்குள் போனது. 1971 டிசம்பரில், மேஜர் செவாங் ரிஞ்சன் தலைமையிலான இந்தியப் படை அதை மீட்டது. அவரும் லடாக்கின் நூப்ரா பகுதிக்காரர்தான். 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு கட்டுப்பாட்டுக் கோடு வகுக்கப்பட்டபோது, துர்துக் இந்தியாவின் பக்கமே நிலைத்தது. 2019 முதல் அது லடாக் யூனியன் பிரதேசத்தில் உள்ளது. 1947க்கு முன் பிறந்து அவ்வூரிலேயே வாழ்ந்த முதியவர் இத்தனை மாற்றங்களையும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்த்திருப்பார்.

1971இல் வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஸ்கர்டு போன்ற ஊர்களுக்குப் போயிருந்தவர்கள் திரும்ப முடியவில்லை. கணவன் அங்கே, மனைவி இங்கே. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. ஷியோக் ஆறு இன்றும் துர்துக்கைக் கடந்துபோய் பால்டிஸ்தானில் சிந்து நதியோடு கலக்கிறது. அதே கரையோரம் போய்வந்த உறவினர்களுக்கு இப்போது கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். வெளியூர்ப் பயணிகளுக்கே 2010இல்தான் அவ்வூர் திறக்கப்பட்டது.

இதைச் சொன்னபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "போனவங்க வரமாட்டாங்கன்னு வீட்டுல எப்படித் தெரிஞ்சிருக்கும் சார்?" என்று கேட்டாள். வகுப்பே அமைதியானது. அன்று பாடத்தை அதற்குமேல் நடத்தவில்லை. பிரிந்த அண்ணனுக்குத் தங்கை எழுதும் கடிதத்தை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் ஊர்ச் செய்திகளை எல்லாம் எழுதிவிட்டு, முகவரி எழுதும் இடத்தில் எந்த நாட்டின் பெயரை எழுதுவது என்று எழுந்து கேட்டான்.

ஒரு பாடவேளை போதும். காலக்கோடு வரைவது சமூக அறிவியலுக்கு, கடிதம் தமிழுக்கு. எல்லையைக் குறிக்கச் சொல்லும் அடுத்த வகுப்பில், கோட்டின் அருகே ஓர் ஊரையும் குறிக்கச் சொல்லுங்கள். அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதா, பிள்ளைகள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.