இருபது நிமிஷ ஹேண்டோவர்: சீனாவுக்குப் போய்த் தத்தெடுத்தவர்களின் முதல் சில நாட்கள்

இன்னைக்கு ஒரு பயணத்தைப் பற்றிப் பேசப்போறோம். டூர் இல்லை. போகும்போது ரெண்டு பேர், திரும்பும்போது மூணு பேர்.

சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் 1992-ல் அமலுக்கு வந்தது. 2024 செப்டம்பரில், வெளிநாட்டினருக்கு இனி இல்லைன்னு அரசு அறிவிச்சது. சொந்தக்காரங்க குழந்தையைத் தத்தெடுக்கிற மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. இடைப்பட்ட காலத்தில் 1,60,000-க்கும் அதிகமான குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போயிருக்காங்க. ஏறக்குறைய பாதிப்பேர் அமெரிக்காவுக்கு. அதுல ஒருத்தங்க என் டீம்மேட். அவங்க சம்மதத்தோட, பேர் சொல்லாமப் பேசுறேன்.

ஏன் இத்தனை குழந்தைகள்? 1980-ல் இருந்து 2015 வரைக்கும் ஒரு குழந்தைக் கொள்கை. அதோட ஆண் குழந்தைதான் வேணும்ங்கிற ஆசை. சந்தை ஓரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் விட்டுட்டுப் போன குழந்தைகளில் பெரும்பாலானவங்க பெண்கள். பின்னாடி வந்த வருஷங்களில் இதயக் கோளாறு, பிளவுபட்ட உதடு மாதிரி சிகிச்சை தேவைப்படும் குழந்தைகள்தான் அதிகம்.

அந்தக் காலத்தில் பெற்றோர் முதலில் மாகாணத் தலைநகருக்குப் போவாங்க. ஒரு அரசு அலுவலகத்திலோ ஓட்டலிலோ, விடுதியில் குழந்தையை வளர்த்த பெண் தூக்கிட்டு வருவாங்க. அவங்களை 'ஆயி'ன்னு கூப்பிடுவாங்க. சீன மொழியில் அத்தை, சித்தி மாதிரியான வார்த்தை. நம்ம ஊர் ஆயா மாதிரியே இருக்கு இல்ல? எத்தனை மணிக்குப் பால், எப்படித் தூங்க வைக்கணும், எதுக்குப் பயப்படும்னு மொழிபெயர்ப்பாளர் மூலமாச் சொல்லுவாங்க. என் டீம்மேட்டுக்கு இது இருபது நிமிஷத்தில் முடிஞ்சிருக்கு. நம்ம ஆஃபீஸ்ல ஒரு பழைய சர்வரைக் கைமாத்தவே ரெண்டு வாரம் நாலேஜ் ட்ரான்ஸ்ஃபர் கேட்போம்!

மறுநாள் திரும்பப் போய்க் கையெழுத்து. அப்புறம் குழந்தையோட பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள்னா அடுத்து குவாங்சோ. மருத்துவப் பரிசோதனையும் விசாவும் அங்கேதான் நடந்தது. ஷாமியான் தீவில் இருக்கிற ஒயிட் ஸ்வான் ஓட்டல் இந்தக் குடும்பங்களாலேயே பிரபலமாச்சு. கையில் சீனக் குழந்தையோட நிக்கிற ஒரு பார்பி பொம்மையை அங்கே தங்கின இந்தக் குடும்பங்களுக்குப் பரிசாத் தந்தாங்க.

ஆனா ரூமுக்குள்ள நடந்தது வேற. என் டீம்மேட்டுக்கு அப்போ பதினாலு மாசம். அவங்க அம்மா எழுதின டைரியில், முதல் மூணு நாள் 'சமத்துக் குழந்தை, அழவே இல்லை'ன்னு இருக்கு. நாலாவது ராத்திரி விடிய விடிய அழுதிருக்காங்க. அந்த மூணு நாள் சமத்து இல்லை, அதிர்ச்சி. தெரிஞ்ச முகம், வாசனை, மொழி எல்லாம் ஒரே நாளில் போயிடுச்சு. சில குழந்தைகள் அம்மாவை மட்டும் பிடிச்சுக்கிட்டு அப்பாவைக் கிட்டவே விடாது. சிலது பிஸ்கட்டைக் கையில் இறுக்கிப் பிடிச்சபடியே தூங்கும். அனுபவப்பட்ட பெற்றோர், குழந்தை போட்டுட்டு வந்த சட்டையை உடனே துவைக்காதீங்கன்னு சொல்லுவாங்க. அந்த வாசனைதான் குழந்தைக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம்.

அந்த நாளை அமெரிக்காவில் 'காட்சா டே'ன்னு கேக் வெட்டிக் கொண்டாடுற வழக்கம் உண்டு. டீம்மேட் ஒருநாள் சொன்னாங்க: "அம்மாவுக்கு அது கிடைச்ச நாள். எனக்கு ரெண்டாவது தடவை எல்லாத்தையும் இழந்த நாள். ரெண்டுமே உண்மை. ஆனா கேக் ஒண்ணுக்குத்தான்." இப்போ அவங்க வீட்டில் கேக் வெட்டுறது இல்லை. இதைக் கேட்டு அம்மாவுக்குக் கஷ்டமாத்தான் இருந்ததாம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. அப்போ தத்தெடுத்தவங்க விடுதிக்குச் சுமார் 3,000 டாலர் நன்கொடை தர வேண்டியிருந்தது. பணம் வந்தா என்ன நடக்கும்? ஹூனான் மாகாணத்தில் சில விடுதிகள் கடத்தல்காரங்ககிட்ட இருந்து குழந்தைகளைக் காசு கொடுத்து வாங்கினது 2005-ல் அம்பலமாச்சு. அடுத்த வருஷம் சம்பந்தப்பட்டவங்களுக்குத் தண்டனையும் கிடைச்சது. அதனால, 'சாலையோரம் கண்டெடுக்கப்பட்டது'ன்னு ஃபைலில் இருக்கிற ஒரு வரியை அப்படியே நம்பலாமாங்கிற கேள்வி இன்னைக்கு நிறைய பேருக்கு இருக்கு.

என் டீம்மேட் போன மாசம் டிஎன்ஏ பரிசோதனைக்கு எச்சில் மாதிரி அனுப்பியிருக்காங்க. அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொன்னாங்களாம். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் உள்ளே போய் அந்தப் பழைய சட்டையை எடுத்துட்டு வந்து, "இதுவும் உனக்குத் தேவைப்படலாம்"னு கொடுத்திருக்காங்க. ரிசல்ட் இன்னும் வரலை.

கடைசியா ஒண்ணு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க இங்கேயே தத்தெடுத்தாலும் இது பொருந்தும். நம்ம வீடுகளில் புதுக் குழந்தை வந்தா மடி மடியா மாத்திக் கொஞ்சுவோம். முதல் சில வாரம் அதை மட்டும் தள்ளிப்போடுங்க. பால் கொடுக்கிறது, தூக்குறது, தூங்க வைக்கிறது எல்லாத்தையும் அந்த ரெண்டு பேரே செய்யட்டும். யார் நம்ம ஆளுன்னு குழந்தை கத்துக்க டைம் வேணும். உதவணும்னா சமைச்சு எடுத்துட்டுப் போங்க.

உங்க வீட்டில் இப்படி ஒரு கதை இருந்தா, சொல்ல விருப்பம்னா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.