கடிகாரத்தைக் கேளாத காலம்



'நாளை வந்து தருவான்' என்னும் தொடரில் 'வந்து' எக்காலம்? நிகழ்ச்சியோ நாளைக்குரியது, எச்சமோ 'செய்து' வாய்பாட்டு இறந்தகால எச்சம். தருதலுக்கு முன் வருதல் முடியும் என்பதையே அது உணர்த்துகிறது. கடிகார மணி அதற்கு வேண்டியதில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்பதே வேண்டும். பல்லாண்டு இதனைக் கற்பித்த நாங்கள், இதன் அருமையை ஒரு கணினிச் சிக்கலில்தான் உணர்ந்தோம்.

தொலைபேசியில் உரையாடிய இருவரின் பேச்சை இரு அறைகளில் இரு கருவிகளில் பதிந்தோம். விடை கூறியவரின் கருவிக் கடிகாரம் நான்கு நொடி பிந்தியிருந்தது. நேரப்படி அடுக்கியபோது, வினா எழுமுன்னரே விடை வந்து நின்றது! முதலில் நகைத்தோம். ஆனால், அப்பதிவைக் கொண்டு பேச்சிடை மௌனங்களை அளந்த மாணவியின் இரண்டு மாத உழைப்பு வீணாயிற்று.

கணினிகளுக்கிடையே எழும் இச்சிக்கலுக்கு 1978இல் லெஸ்லி லாம்போர்ட் வழி கூறினார். ஒவ்வொரு செயலும் தனக்கென ஓர் எண்ணியை வைத்துக்கொள்ளும். நிகழ்ச்சிதோறும் எண் கூடும். அனுப்பும் செய்தியோடு அந்த எண்ணும் செல்லும். பெறுவது தன் எண்ணை அதனினும் மிகுதியாக்கிக்கொள்ளும். ஆகவே விடையின் எண் வினாவின் எண்ணினும் சிறிதாதல் இயலாது. மௌனத்தின் நீளத்தை இம்முறை மீட்டுத் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தருவது வரிசை மட்டுமே.

ஒரு நிரல் ஓடியபோது நிகழ்ந்தவற்றின் பதிவைத் தடம் என்பர். அத்தடத்தை மீண்டும் ஓட்டுகையில், அடுத்து எது நிகழவேண்டும் என முடிவு செய்யும் பகுதியை வரிசையாக்கி எனலாம். அது கணினிக் கடிகாரத்தை நோக்கி முடிவெடுத்தால், வேறு பணிகளின் சுமைக்கேற்ப ஒவ்வொரு முறையும் வரிசை மாறக்கூடும். ஒருமுறை கண்ட பிழை மறுமுறை தோன்றாது. காண இயலாத பிழையைத் திருத்துவது எங்ஙனம்? ஆதலால் கடிகாரத்தைக் கேளாமல், தடத்தில் அடுத்துள்ள நிகழ்ச்சியின் நேரத்திற்கே தன் காலத்தை நகர்த்திக்கொள்ளுமாறு வரிசையாக்கியை அமைப்பர். ஒரே நேரம் குறிக்கப்பட்ட இரண்டு வந்தால், முன்னரே இட்ட வரிசையெண் முடிவு செய்யும். இப்பண்பை 'நிர்ணயத் தன்மை' என்பாரும் உளர். 'மாறா விளைவு' என்றால் மாணவர்க்கு எளிதில் விளங்கும் என்பது எங்கள் எண்ணம்.

அம்மாணவி மீண்டும் பதிந்தார். இம்முறை இரு ஒலிவாங்கிகளையும் ஒரே கருவியில் இணைத்தோம்.