காஞ்சொறியும் அதன் போலிகளும்
(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



பால் விலையையும் பயிர்க் கடனையும் பற்றிப் பேச வேண்டிய இவ்விடத்தில், தொட்டால் அரிக்கும் செடிகளைப் பற்றிப் பேச நான் வந்திருப்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். 2002-ஆம் வருஷத்து உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊரிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்படுதல் வேண்டும். அதில் "காஞ்சொறி, மருந்துக்கு உதவும்" என்று ஒரு வரி மட்டும் எழுதி வைத்தால், அது எந்தச் செடி என்று நம் பேரப்பிள்ளைகள் எவ்விதம் அறிவார்கள்? செடியையே உலர்த்திக் காகிதத்தில் ஒட்டிச் சாட்சியாக வைக்காவிடில், அவ்வரி பத்திரமில்லாமல் கொடுத்த கடனுக்குச் சமானமாகும்.

சுணையுள்ளவை யாவும் ஒரே இனம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது பிசகு. நம் வேலிகளில் சுற்றிப் படரும் காஞ்சொறி, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் காய் ஆமணக்கைப் போலவே மூன்று பகுப்பாக இருக்கும். சித்த வைத்தியர்கள் வழங்குவது இதன் வேரையே. அர்டிகேசி என்னும் சுணைச்செடிக் குடும்பமோ வேறு. அதன் காய் மிகச் சிறியது, ஒரே விதையுடையது. குத்தும் விதத்திலும் பேதமுண்டு. அர்டிகேசியின் சுணை கண்ணாடி போன்ற சிலிக்கா நுனியுள்ள குழாய். நுனி முறிந்து உள்ளிருக்கும் நஞ்சு தோலில் இறங்குகிறது. காஞ்சொறியின் சுணையிலோ சுண்ணாம்புச் சத்துள்ள ஊசிப் படிகம் ஒன்று இருந்து குத்துகிறது. மூலிகை வாங்குவோன் இவ்விரண்டையும் மாற்றி மூட்டை கட்டினால், நஷ்டம் நோயாளிக்கே.

இக்குடும்பத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சோலைகளில் வளரும் கிரார்டினியா பெரிய செடி. அதன் நாரை நீலகிரியில் வெகு காலமாக அறிவார்கள். அதில் ஒரு வகைக்கு லெஷனோ என்னும் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரியின் பெயரையே இட்டிருக்கிறார்கள். அவர் கல்கத்தாத் தோட்டத்தில் இக்குடும்பத்து மரமொன்றின் இலையைத் தீண்டிப் பல நாள் துன்புற்றார்; கையை நீரில் வைத்தபோது வேதனை அதிகரித்ததென்றும் எழுதி வைத்தார். ஆகவே பெரிய சுணைச்செடிகளிடம் விளையாட்டு வேண்டாம்.

எனினும் குடும்பத்தார் யாவரும் குத்துகிறவர்கள் அல்லர். ஈரச் சுவரிலும் பூந்தொட்டியிலும் பொடி இலைகளுடன் படரும் பைலியா அமெரிக்காவிலிருந்து வந்தது, பரம சாது. முதிர்ந்த மொட்டுள்ள செடிமேல் நீர் தெளித்தால் மகரந்தம் புகைபோல் வெடித்து எழும்பும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வாய்க்கால் ஓரத்துப் பௌசோல்சியாவுக்கும் சுணையில்லை. தோட்டங்களில் களையாக வரும் லபோர்டியா சற்றே அரிக்கும். வீட்டுக்கு அருகே இவையிருக்க, பழகுவதற்கு மலையேற வேண்டுவதில்லை.

இனிச் சேகரிக்கும் முறை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் இச்செடிகள் தழைத்துப் பூக்கும். கையில் தடித்த துணியையோ தோலுறையையோ சுற்றிக்கொண்டு, கத்தரியால் கொய்யுங்கள். வெறும் இலைக்கு மதிப்பில்லை. பூவும் காயும் வேண்டும். இக்குடும்பத்தில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே இருக்கும்; சிலவற்றில் வேறு வேறு செடியிலேயே இருக்கும். நான் முதன்முதல் ஆண்பூவை மட்டும் கொய்துகொண்டு பெருமையுடன் வந்து, பின்பு அதே ஓடைக்கு மறுபடியும் நடந்தேன். இலைக்காம்பின் அடியிலுள்ள இலையடிச் செதில்கள் விரைவில் உதிர்வன; ஆகையால் இளந்தளிரைத் தவறாமல் சேருங்கள்.

கொய்ததைப் பத்திரிகைத் தாளில் பரப்பி, ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியத் திருப்பி வைத்து, இரு பலகைகளுக்கிடையே கல்லேற்றி அழுத்துங்கள். முதல் வாரம் தினந்தோறும் தாளை மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஒருநாள் அசட்டையாயிருந்தாலும் பூஞ்சணம் பூத்துவிடும். நன்றாய் உலர்ந்தபின் 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கனத்த காகிதத்தில் நூலால் தைத்துவிடுங்கள். முற்காலத்தில் பூச்சிக்குப் பாதரச உப்பைப் பூசினார்கள். அது மனிதருக்கும் விஷம், வேண்டாம். ஈரம் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைத்தெடுத்தல் போதும். உலர்ந்த செடியிலும் சுணை சாகாது; கட்டின்மேல் அதை எழுதி வையுங்கள்.

தாளின் வலது மூலையில் சீட்டு ஒன்று இருத்தல் அவசியம். ஊர், இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம், உள்ளூர்ப் பெயர், அப்பெயரைச் சொன்னவர் யார், இவையெல்லாம் அதில் வேண்டும். நிறம் உலர்ந்தால் போய்விடும், அங்கேயே எழுதுக. பெயர் கேட்கும்போது மலையடிவாரத்துப் பளியர்களை மறவாதீர்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சம்மதத்துடன், அவர்கள் பெயராலேயே எழுதுவது முறை.

ஒரு எச்சரிக்கை. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் ஓடைக்கு மேலும் உள்ள காடு நம் இஷ்டப்படி கொய்வதற்குரியதன்று. 1988-இல் சாம்பல்நிற அணிலுக்கான சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டது. வனத்துறையின் எழுத்துமூல அனுமதியின்றி அங்கே ஒரு கிளையும் ஒடிக்கக் கூடாது. வேலி, வாய்க்கால், தென்னந்தோப்பு, குளக்கரை ஆகியவற்றில் உடையவர் இசைவுடன் தொடங்குங்கள்.

ஒவ்வொரு செடியிலும் இரண்டு தாள் செய்யுங்கள். ஒன்று சங்கத்தின் அலமாரியில் பதிவேட்டுடன் இருக்கட்டும். மற்றொன்றைக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகத்தில் காட்டிப் பெயரை உறுதி செய்துகொள்ளலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர் தத்தம் வேலிக் காஞ்சொறியைத் தாளில் வைத்துக் கொண்டு வந்தால், அதன் காய் மூன்று பகுப்பா, ஒற்றை விதையா என்று இம்மேஜையிலேயே பிரித்துப் பார்த்துவிடுவோம்.