தேரை வாய்க் காசுப்பை

உலோகச் சட்டம் பொருத்திய சின்னத் துணிப் பர்ஸுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'கமகுச்சி'. கம என்றால் தேரை; குச்சி என்பது வாய். திறந்தால் அகலமாக வாய் பிளக்கும். மூடினால் சட்டத்தின் மேலுள்ள இரண்டு குமிழ்களும் ஒன்றையொன்று உரசித் தாண்டி 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். எவ்வளவு பொருத்தமான பெயர்!

பழைய ஜப்பானிய நாணயங்கள் பலவற்றின் நடுவே ஓட்டை இருந்தது. அவற்றைக் கயிற்றில் கோத்து வைத்தார்கள். 1871-இல் யென் என்ற புதிய நாணய முறை வந்தது. அந்த மெய்ஜி காலத்தில்தான் மேலைநாட்டுச் சட்டப் பர்ஸும் அங்கே பரவியது. தேரையின் இனமான தவளைக்கும் 'திரும்பி வருவது' என்பதற்கும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி, 'கயெரு'. போன காசு திரும்பி வரட்டும் என்று பணப்பையில் குட்டித் தவளைப் பொம்மை வைப்பவர்களும் உண்டு.

தைப்பது எளிது. வெளித்துணியோடு உள்துணியையும் சேர்த்துத் தைத்து, பக்கத் தையலைச் சட்டத்தின் கீல் வரும் இடத்தோடு நிறுத்த வேண்டும்.

பொறுமையைச் சோதிப்பது சட்டத்தில் ஏற்றும் வேலைதான். சட்டத்தின் உள்ளே ஓடும் குறுகிய பள்ளத்தில் பசையை மெல்லிசாகத் தடவுவார்கள். கூடினால் துணியில் கசிந்து கறையாகிவிடும். துணியின் நடுப்புள்ளியைச் சட்டத்தின் நடுவோடு பொருத்தி, அங்கிருந்து இரு ஓரங்களையும் நோக்கித் தட்டையான முனையால் உள்ளே தள்ளுவார்கள். பிறகு முறுக்கிய காகிதக் கயிற்றைப் பள்ளத்தில் திணிப்பார்கள். துணியை இறுகப் பிடித்து நிறுத்துவது அதுதான். கடைசியில், கீறல் விழாமல் துணித்துண்டு சுற்றி, சட்டத்தின் நான்கு முனைகளையும் இடுக்கியால் மெல்ல ஒரு அழுத்து.