மலிவு விமானச் சீட்டும் அதன் மறைபொருளும்

(சங்கத்தின் இளைஞர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தபோது, பல்கலைக்கழக மாணவர் என்ற காரணத்தால் இலக்கியமோ வரலாறோ எடுத்துக்கொள்வோம் என்று எதிர்பார்த்திருப்பார். நாங்கள் எடுத்துக்கொண்டதோ விமான டிக்கட். இது சபைக்கேற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் வெளிநாடு செல்ல ஆயத்தமாகும் பிள்ளை ஒன்றேனும் இல்லாத வீதி இன்று அரிது. அப்பிள்ளை கைத்தொலைபேசியை நீட்டி, "கொழும்பிலிருந்து இலண்டனுக்கு இவ்வளவு மலிவாக டிக்கட் இருக்கிறது, பாருங்கள்" என்கிறது. பாட்டனாரோ, "அவ்வளவு மலிவென்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? அதைத்தான் இன்று விசாரிக்கப் போகிறோம்.

முதலில் பிள்ளையின் கட்சியைப் பேசுவோம். மலிவெல்லாம் மோசடியல்ல. கண்டி மத்திய சந்தையில் பொழுதுபடும் நேரத்தில் கீரைக்கட்டின் விலை காலையில் இருந்த விலையன்று. நாளைக்கு அது வாடிவிடும் என்பது வியாபாரிக்குத் தெரியும். விமானத்தின் ஆசனம் கீரையிலும் விரைவில் வாடுவது; கதவை மூடிய கணமே வெற்று ஆசனத்தின் பெறுமதி பூச்சியம். ஆகவே ஆள் குறைந்த பெப்ரவரியில் ஒரு விலையும், வெளிநாட்டு உறவினரெல்லாம் விடுமுறைக்கு வந்து திரும்பும் ஆகஸ்டில் வேறொரு விலையும் சொல்கிறார்கள். கீரைக்கும் ஆசனத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கடைசி நேரத்தில் ஓடிவருபவன் அவசரக்காரன் என்பதைக் கம்பனி அறியும்; அவனிடம் கூடவே வாங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நமது கூட்ஷெட் பஸ் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பல திசைகளிலிருந்தும் வருவோர் அங்கே இறங்கி வேறு பஸ் பிடிப்பதால் எல்லாப் பஸ்களும் நிரம்புகின்றன. டோகா, துபாய், அபுதாபி ஆகியவை இன்று உலகத்துக்குக் கூட்ஷெட்டாக விளங்குகின்றன. கொழும்பு, கொச்சி, டாக்கா முதலிய இடங்களிலிருந்து வருவோரை ஓரிடத்தில் சேர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுகிறார்கள். நேரே இலண்டன் செல்லும் விமானத்தைவிட இடையில் இறங்கி ஏறும் பிரயாணம் பெரும்பாலும் மலிவாக இருப்பது இதனாலேயே. முற்காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறி இங்கிலாந்து சேர ஏறக்குறைய மூன்று வாரம் சென்றது. அதற்கும் வசதி படைத்தோரே துணிந்தனர். இன்று தோட்டத்துப் பிள்ளையும் போகலாம் என்றால் அதற்கு இந்த மலிவும் ஒரு காரணம். அதை நாங்கள் பழிக்க வரவில்லை.

இனிப் பாட்டனாரின் கட்சி. அவருடைய சந்தேகத்துக்கும் சரித்திரத்தில் ஆதாரம் உண்டு. பிரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர் 1977 செப்டெம்பர் 26ஆந் திகதி இலண்டன் கட்விக் நிலையத்திலிருந்து நியூயோர்க்குக்கு 'ஸ்கைட்ரெயின்' என்ற சேவையை ஆரம்பித்தார். ஒருவழிக் கட்டணம் 59 ஸ்டேர்லிங் பவுண். புகையிரதத்துக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்று அன்றைக்கே டிக்கட் வாங்கவேண்டும். சாப்பாட்டுக்கு வேறாகப் பணம். சாமானிய மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1982 பெப்ரவரி 5ஆந் திகதி கம்பனி முறிந்தது. 2009 மார்ச்சில் ஏயர் ஏசியா எக்ஸ் கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு மலிவு விமானம் விட்டது. 2012 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஐஸ்லாந்தின் வவ் ஏயர் 2019 மார்ச் 28ஆந் திகதி ஒரே நாளில் மூடப்பட, பிரயாணிகள் அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் நின்றார்கள். நோர்வீஜியன் கம்பனி 2021 ஜனவரியில் நெடுந்தூரச் சேவையைக் கைவிட்டது.

இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர் அல்லர். குறுந்தூர விமானம் ஒரு நாளில் பல முறை போய்வந்து செலவைக் குறைக்கலாம். நெடுந்தூர விமானத்துக்கு அந்த வித்தை பலிக்காது. எரிபொருள் மிகுதி, பணியாளருக்கு மறுகரையில் தங்குமிடம், ஆண்டில் சில மாதம் ஆளின்மை. இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் இலாபம் 59 பவுணில் மிஞ்சுவதில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்புவதற்கு இன்றே பணம் கட்டுபவர், அந்தக் கம்பனிக்கு ஆறு மாதக் கடன் கொடுக்கிறார் என்பதே உண்மை.

மற்றச் சிறு விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். குறைந்த விலைச் சீட்டில் கைப்பை ஒன்றுக்குத்தான் இடம். பல கம்பனிகளில் அது 7 கிலோ. ஊறுகாய்ப் போத்தலும் மிளகாய்த் தூளும் அம்மா கட்டித்தரும் அரிசிமாவும் அந்த 7 கிலோவுக்குள் அடங்கா. பெட்டிக்கு முன்கூட்டிப் பணம் கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் கட்டினால் அதனிலும் அதிகம். மிஷன் பாடசாலையில் எங்களுக்கு ஆங்கில இலக்கணம் கற்பித்த ஆசிரியர் 'மே' என்பதற்கும் 'ஷல்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பிரம்பைத் தூக்குவார். அன்று அது கொடுமையாகத் தோன்றியது. விமானக் கம்பனியின் நிபந்தனைகளை வாசிக்கும்போது அவருக்கு மானசீகமாக ஒரு வணக்கம் செலுத்துகிறோம்: பணம் 'திருப்பித் தரப்படலாம்' என்பது 'திருப்பித் தரப்படும்' என்பதாகாது.

பெயரைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர் பெயரில் தந்தையார் பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னுமாக வரும். பாடசாலையில் முதலெழுத்து மட்டும் இடுவோம். கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கிறதோ அதுவே டிக்கட்டிலும் அக்கட்டத்தில், எழுத்துக்கு எழுத்து, இருக்கவேண்டும். மலிவுச் சீட்டில் பெயர் திருத்துவதற்குக் கட்டணம் உண்டு. சிலவற்றில் திருத்தவே இடமில்லை.

இனி நாங்கள் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறோம். புசல்லாவைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களுக்குத் தெரியும். மகனுக்கு இங்கிலாந்தில் படிப்பு. தாயார் தமது தாலிக்கொடியை அடைவு வைத்தார். முகவர் ஒருவர் வேறெவரும் சொல்லாத விலைக்கு டிக்கட் எடுத்துக் கொடுத்தார். கட்டுநாயக்காவில் வரிசையில் நின்றபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவன் கையில் இருந்தது ஒரு டிக்கட்டன்று, இரண்டு. கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரு கம்பனி. சென்னையிலிருந்து அப்பால் வேறொரு கம்பனி. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சென்னையில் குடிவரவைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் கொடுக்கவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும்; அவனிடம் அது இல்லை. விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரியே. இரண்டு டிக்கட்டும் வீணாயின. வகுப்புத் தொடங்கும் நாள் நெருங்கவே, மூன்றாவது டிக்கட்டை அன்றைய விலைக்கு வாங்கினார்கள். தாலிக்கொடி இன்னும் மீளவில்லை.

இந்தக் கண்ணி ஆங்கிலேயப் பையனுக்கு இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவன் அதே இரண்டு டிக்கட்டுடன் பெரும்பாலான நாடுகளில் இறங்கி ஏறுவான். இத்தகைய மலிவு வழிகளைப் புகழ்ந்து எழுதுவோர் பலமான கடவுச்சீட்டு உடையோர். வாசித்து மயங்குவோர் நாம். ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள், தமது விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும் என்று பொதுப் பட்டியலில் வைத்திருக்கும் பன்னிரண்டு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பிரித்தானியாவும் நம்மவரிடம் இடைமாறும் விசா கேட்கிறது. அமெரிக்காவில் இடைமாறவும் விசா வேண்டும். கனடா விசா கையில் இருந்தால் ஷெங்கன் நிலையத்தில் விலக்கு உண்டு. ஆனால் பிராங்போட்டில் இறங்கிப் பாரிஸுக்குப் பறந்து அங்கிருந்து கனடா போவதாக டிக்கட் இருந்தால், இடையிலுள்ளது ஷெங்கனுக்குள் நடக்கும் பிரயாணம். அந்த விலக்கு உதவாது, முழு விசாவே வேண்டும். விலையைக் காட்டும் திரை இவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதைப் பொய் என்று நீதிமன்றம் கொள்ளாது. ஆனால் மலிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே விடை: தாமதமானால், தவறினால், தடுத்தால் யார் பொறுப்பு என்ற சுமையைக் கம்பனியின் தோளிலிருந்து இறக்கிப் பிரயாணியின் தோளில் வைத்துவிட்டு, அந்த அளவுக்கு விலையைக் குறைத்திருக்கிறார்கள்.

மலிவுப் பிரயாணம் நமது சமூகத்துக்குப் புதிதன்று. இச்சபையில் உள்ள பலரின் பூட்டனார் கண்டிச் சீமைக்கு வந்தது காசு கொடுத்தல்ல. முந்தியோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து கோப்பித் தோட்டம் சேர்ந்தனர். பிற்காலத்தில் வந்தோர், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு கப்பலிலும் ரயிலிலும் வந்தனர். வழியில் ஒருவரும் அவர்களிடம் காசு கேட்கவில்லை. இலவசம் என்றே பலர் நினைத்திருப்பார்கள். தோட்டம் சேர்ந்த பின்னர்தான் அந்தச் செலவு கங்காணியின் கணக்கில் முற்பணமாக, கடனாக, அவர்கள் பேரில் எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாது. புதிய துரை அக்கடனை ஏற்றுக்கொண்டால்தான் விடுதலை. அந்தக் கடன் கணக்கை எழுதிய கடதாசிக்கும் 'துண்டு' என்றே பெயர். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. விமானக் கம்பனியைக் கங்காணிக்கு ஒப்பிட்டால் அது மிகையாகும். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. விலை ஓரிடத்திலும் கணக்கு வேறோரிடத்திலும் எழுதப்படும் பிரயாணத்தைப் பாட்டனார் ஏன் நம்பமாட்டார் என்பதற்குக் காரணம் சொன்னோம்.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? முகவர் ஒரு கடதாசியைத் தந்ததும் பணத்தை நீட்டவேண்டாம். ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்த குறியீடு மட்டும் இருந்தால் அது ஆசனப் பதிவு, டிக்கட்டன்று. பணம் கட்டாத பதிவு தானாகவே காலாவதியாகும். டிக்கட்டுக்குப் பதின்மூன்று இலக்க எண் உண்டு. முதல் மூன்றும் கம்பனியைக் குறிப்பவை. ஸ்ரீலங்கன் விமானச் சேவைக்கு 603. இடைமாறும் பிரயாணத்தில் முழு வழிக்கும் குறியீடு ஒன்றா, இரண்டா என்று பாருங்கள். பெட்டி கடைசி ஊர்வரை போகுமா என்று கேளுங்கள். பின்னர் கம்பனியின் சொந்த இணையப் பக்கத்தில் அக்குறியீட்டையும் பெயரையும் இட்டுப் பாருங்கள். விசா விஷயத்தில் முகவர் வாயை நம்பாமல் அந்தந்த அரசாங்கத்தின் பக்கத்தைப் பாருங்கள்.

கண்டிக்காரருக்கு மட்டும் உரிய கணக்கு ஒன்றும் உண்டு. கட்டுநாயக்கா இங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். 2025 நவம்பரில் கடுகண்ணாவைப் பகுதியில் மண் சரிந்து கொழும்பு வீதி மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேராதவனின் மலிவுச் சீட்டு அத்துடன் முடிந்தது. திரும்பி வரும் பகுதியும் சேர்ந்தே இரத்தாவது வழக்கம். ஆகவே மழைக்காலத்தில் முதல் நாளே நீர்கொழும்பில் உறவினர் வீட்டில் தங்குவதற்கான செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும். கூட்டிய பின்னரும் மலிவாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். அப்படி வாங்கிப் போய் நலமாகப் படிக்கும் நம்மவர் பலர்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை நான்கு மணிமுதல் எங்களில் இருவர் சங்க வாசிகசாலையில் இருப்போம். பணம் கட்டுவதற்கு முன் டிக்கட் விபரத்தையும் கடவுச்சீட்டின் பிரதியையும் கொண்டுவாருங்கள். கூட இருந்து வாசித்துப் பார்க்கிறோம். பாட்டனாரையும் அழைத்து வாருங்கள். அவர் கேட்கும் கேள்விகள் எங்களுக்கும் தேவைப்படும்.